கடைசிப் பூச்சு

காத்தான்குடியில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடித்து, பொலிஷ் பண்ணிப் பிழைக்கிறவன் நான். மஞ்சளித்த ஹெட்லைட்டைப் பளிங்குபோல ஆக்கித் தருவேன் என்று எனக்குப் பேரும் உண்டு. அந்த வேலையிலேயே பல வருஷமாக மோசடி செய்துவந்தேன்.

இப்போது ஹெட்லைட்டின் முகப்பு கண்ணாடி இல்லை, பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் லேசில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்காது. அதனால் கம்பனியிலேயே மெல்லிய காப்புப் பூச்சுப் போட்டு அனுப்புகிறார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே வீடுகள் நெருங்கிக் கிடக்கும் எங்கள் ஊரில் காரை நிழலில் விட இடமேது? வருஷக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு வெடித்து உரிந்துவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான்; திறந்தும் வரியோடு சேர்ந்த விலை சாதாரண ஆளுக்கு எட்டவில்லை. பழைய 121 கொரோலாவையும் விட்ஸையும் வைத்துத்தான் சனம் ஓடியது. எனக்கு வேலை குவிந்தது.

முறையாகச் செய்வதென்றால் 800இல் தொடங்கி 1000, 1500, 2000 என்று வோட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது மிச்சமிருக்கிற கம்பனிப் பூச்சும் போய்விடும். பிறகு கம்பவுண்ட் போட்டு மினுக்கி, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கிளியர் கோட் அடிக்க வேண்டும். அதற்கு ஹார்ட்னர் கலக்க வேண்டும், தூசி படாமல் காயவைக்க வேண்டும், செலவும் கூட. நான் கம்பவுண்டோடு நிறுத்திக்கொண்டேன். பூச்சு அடித்ததற்கும் அடிக்காததற்கும் அன்றைக்கு வித்தியாசம் தெரியாது. காப்பில்லாத பிளாஸ்டிக் முந்தியைவிட வேகமாக மஞ்சளித்து, சில மாதத்தில் ஆட்கள் திரும்பி வருவார்கள். "நம்மட வெயில் அப்படித்தானே காக்கா" என்று சொல்லித் திரும்பவும் காசு வாங்குவேன். காசு குறைவு, அதனால் பூச்சு இல்லை என்று சொல்லிச் செய்திருந்தால் அது வேறு. பூச்சுக்கும் சேர்த்தே வாங்கினேன். வீட்டில் பற்பசை போட்டுத் தேய்க்கிறவர்களிடம் "அது நிற்காது" என்று புத்தி சொன்னவனும் நான்தான்.

எனக்குப் படிப்பித்த சேர் ஒருவர் தன் உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு இரவில் போயிருக்கிறார். புணானை தாண்டி வெலிக்கந்தைப் பக்கம் யானை கடக்கிற றோட்டு அது. றோட்டில் நின்ற யானை, கிட்டப் போகும்வரை கண்ணில் படவில்லையாம். அல்லாஹ் காப்பாற்றினான். அவர் என்னை ஏசக்கூட வரவில்லை. "நீ நல்லாத்தான் செஞ்சி தந்த மகன், காருக்கு வயசு போயிட்டு. இன்னொருக்கா தேய்ச்சுத் தா" என்றார்.

அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018இல் சோதித்தபோது, மங்கிய ஹெட்லைட் புதியது தரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தந்தது. இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். வேலை பிடிப்பதற்காக அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சேரிடமும் சொல்லித்தான் முதல் தடவை காசு வாங்கினேன். குறையை மறைத்து விற்பது ஹராம் என்று சின்ன வயதிலேயே ஓதிக் கற்றவன், அவருடைய உம்மாவின் உயிரை வைத்துச் சம்பாதித்திருக்கிறேன்.

அன்றைக்கு முறைப்படி பூச்சு அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஆனால் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் எனக்கு துஆ செய்துவிட்டுப் போனார். சேர், இதை வாசித்தால் என்னை மன்னியுங்கள்.

என்னிடம் ஹெட்லைட் தேய்த்தவர்கள் எல்லோரும் வாகனத்தைக் கொண்டுவாருங்கள். காசில்லாமல் கிளியர் கோட் அடித்துத் தருகிறேன். வேறு இடத்தில் கொடுப்பவர்கள், அந்தப் பூச்சை அடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.