மெதுவாகச் செல்லும் உரிமை

பத்திரிகையில் நாங்கள் ஒருபோதும் 'சைக்கிள்' என்று எழுதியதில்லை. 'துவிச்சக்கரவண்டி' என்றே எழுதவேண்டும். பிரதேச நிருபர் சைக்கிள் என்று எழுதி அனுப்பினால், துணை ஆசிரியரின் சிவப்புப் பேனா அதனைத் துவிச்சக்கரவண்டியாக்கிவிடும். அந்த நீண்ட சொல் பெரும்பாலும் இரண்டு வகைச் செய்திகளிலேயே இடம்பெறும். ஒன்று, துவிச்சக்கரவண்டியில் சென்றவர் பஸ் மோதி மரணம். மற்றையது, துவிச்சக்கரவண்டி திருடியவர் கைது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தித் தொழிலில் இருந்தும், துவிச்சக்கரவண்டி ஒன்று நன்றாக ஓடியது என்ற செய்தியை நான் கண்டதேயில்லை. இன்று அதை எழுதப்போகிறேன்.

மாத்தளையில் எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டிலில், விறகுக்கும் பழைய மிளகுச் சாக்குகளுக்கும் நடுவே, அப்பாவின் றலி சைக்கிள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாய்ந்து கிடந்தது. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பின்னர் அதனை வெளியே எடுத்தேன். ரயர்கள் தொட்டதும் உதிர்ந்தன. பெல்லினுள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தோல் சீற் கருவாடு போல விறைத்திருந்தது. ஆயினும் முன்புறத் தகட்டில் பொறித்திருந்த கொக்கின் தலை துருவுக்கு நடுவிலும் தெரிந்தது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் அந்தச் சின்னத்தோடு வண்டிகள் செய்த தொழிற்சாலை 2002 இல் மூடப்பட்டுவிட்டது. அது செய்த வண்டியோ எங்கள் விறகுக் கொட்டிலில் உயிர் பிழைத்திருந்தது.

பின்சில்லின் நடுக்குடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரும் 56, 4 என்ற இலக்கங்களும் வெளிவந்தன. அந்தக் கம்பனி தனது கியர்க் குடங்களில் அவை தயாரான ஆண்டையும் மாதத்தையும் பொறிப்பது வழக்கம். 1956 ஏப்ரல். பண்டாரநாயக்கா பொதுத் தேர்தலில் வென்ற அதே மாதம். தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே ஆண்டு. திகதியைக் கண்டதும் அரசியல் நினைவுக்கு வருவது எங்கள் தொழில் தந்த நோய்.

அது மூன்று கியர் வண்டி. நடுக்கியரில் பின்பல்லுச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் சில்லும் ஒருமுறை சுற்றும். கீழ்க்கியரில் அதன் முக்கால் பங்கே சுற்றும். ஏற்றத்தில் கால் தாங்குவதற்காக. மேல்கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றும். கியர்ப் பற்கள் யாவும் குடத்துக்குள்ளேயே இருப்பதால் மழையும் சேறும் அவற்றை எளிதில் அண்டுவதில்லை. குடத்தின் சிறு மூடியைத் திறந்து மெல்லிய இயந்திர எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு வாரம் அப்படியே வைத்தேன். எட்டாம் நாள் கையால் சுற்றியபோது 'டிக் டிக்' என்று ஓர் ஒலி கேட்டது. அப்பா முற்றத்துக்கு வந்துவிட்டார் என்பதற்குச் சிறுவயதில் எங்களுக்கு அந்த ஒலியே அடையாளம். அன்று மாலைவரை வேறு வேலை எதையும் தொடவில்லை.

மீதி வேலை என் கைக்கு அடங்காதது. நகரின் பின்வீதியொன்றில் ஐம்பது ஆண்டுகளாகச் சைக்கிள் திருத்தும் நானா ஒருவர் இருக்கிறார். வண்டியை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, எப்ப வேணும்?"

"அவசரமில்லை நானா."

"அப்பிடியெண்டா செய்யலாம். அவசரக்காரங்கட சாமானில்ல இது."

கிராங்கை அச்சோடு பிணைக்கும் கொட்டர் ஆணிகள் இரண்டும் துருவில் இறுகியிருந்தன. சுத்தியலை எடுக்கவேண்டாம் என்று தடுத்தார். மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நாட்கள் விட்டார். பெடல் அச்சைத் தாங்கும் கப்புகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, "இதிட புரி வேற தம்பி, வேற சைக்கிள்ட கப் இதுக்குப் பூராது" என்றார். உண்மைதான். மற்றைய ஆங்கிலேய வண்டிகளில் அந்தப் புரி அங்குலத்துக்கு 24 சுற்று. றலிக் கம்பனி மட்டும் 26 சுற்று வெட்டியது. ஆகவே பழைய கப்புகளையே தேய்த்து மினுக்கி, பக்கத்துக்குப் பதினொன்றாக 22 புதிய குண்டுகளைக் கிறீஸில் பதித்தோம். ரயருக்கு அலையவேண்டியிருக்கவில்லை. 28 அங்குலத்துக்கு ஒன்றரை என்ற அந்த அளவு இந்தியச் சைக்கிள்களிலும் வழங்குவதால் அவர் கடையிலேயே தொங்கியது. றிம்மின் துருவை ஈரத்தில் தோய்த்த ஈயத்தாளால் நானே வீட்டில் உரசினேன். வண்ணம் மட்டும் பூசவில்லை. தேய்ந்த இடங்களில் தேய்வு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதங்கள் சென்றன. அந்த மூன்று மாதங்களும் என் வாழ்வின் மிக நல்ல நாட்களில் அடங்கும். விடிந்ததும் ஒரு பிளேன்டீ. பிறகு முற்றத்தில் காயும் கராம்பைக் கிளறிவிடுதல். பின்னர் ஏதாவதொரு பாகத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்தல். பிற்பகலில் மழை முகில் நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கமிருந்து இறங்கும். கராம்புப் பாயை உள்ளே இழுத்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது. இரவு எட்டு மணிக்குள் முதற்பக்கம் கட்டவேண்டும் என்ற பதற்றத்திலேயே வயதைக் கழித்தவனுக்கு, ஒரு திருகாணியை நாளைக்கு முடுக்கலாம் என்று வைத்துவிட்டு எழுந்து போவது எவ்வளவு பெரிய சுகம்!

ஆனால் இந்தச் சுகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அப்பாவின் முகம் குறுக்கே வந்தது.

அவர் பத்திரிகை விநியோகித்தவர். கண்டியிலிருந்து வரும் ரயில் பாதை 1880 இல் மாத்தளைவரை போடப்பட்டு, அதோடு நின்றுவிட்டது. ரயில் நின்ற இடத்திலிருந்துதான் அப்பாவின் சைக்கிள் புறப்பட்டது. கொழும்பிலிருந்து வந்த வீரகேசரி, தினகரன் கட்டுகளைப் பழைய ரியூப் பட்டியால் கரியரில் இறுக்கிக் கட்டி, ரத்தோட்டை வீதிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறுவார். ஏறுவார் என்று எழுதுகிறேனேயொழிய, பாதி வழி தள்ளிக்கொண்டு நடந்தார் என்பதே சரி. முக்கால் பங்குக் கியரும் அந்த ஏற்றங்களுக்குப் போதாது. மலைநாட்டில் சைக்கிள் என்பது கூடவே நடத்திச் செல்லவேண்டிய ஒரு பிராணி. மாலையில் லயத்து வாசலில் எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். என் தொழிலின் மீது எனக்கு ஆசை பிறந்தது அந்த வாசலில்தான்.

அப்பா அந்தச் சைக்கிளை நேசித்ததாக நான் ஒருநாளும் கண்டதில்லை. அவர் நேசித்தது ஒரு ஹொண்டா மோட்டார் சைக்கிளை. அதை அவரால் கடைசிவரை வாங்க முடியவில்லை. இரவில் முழங்காலுக்குச் சித்தாலேப தடவியபடி, "ஒரு மெஷின் இருந்தா பத்து மணிக்கே வீட்டுக்கு வந்திருவேன்" என்பார். 1983 ஜூலையில் மாத்தளையிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது, பத்திரிகைக் கட்டு வருவதற்கு முன்பே வதந்தி எல்லாத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வதந்திக்குச் சைக்கிள் தேவைப்படுவதில்லை. மூன்று வாரங்கள் அப்பா வாசலைத் தாண்டவில்லை. அவருடைய மெதுநடையில் எந்தச் சுகமும் இருக்கவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை; அவ்வளவுதான்.

வேறு வழியில்லாதவர்களின் மெதுநடையை இந்த ஊர் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறது. மாத்தளையை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதி, கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் மூதாதையர், இந்தத் திசையாகவே காட்டு வழியில் தம்புள்ளை, நாலந்த தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. அன்று நடந்தவர்கள் தாமாக விரும்பி நடந்தார்கள். விருப்பமின்றி நடத்தப்பட்டவர்களை மதிப்பதற்கு அதைவிடச் சிறந்த முறை எனக்குத் தோன்றவில்லை.

அதே வீதியின் மறுமுனையில் சைக்கிளின் வேறொரு கதை இருக்கிறது. போர்நிறுத்தத்தின் பின் 2002 ஏப்ரலில் பாதை திறந்ததும் செய்தி சேகரிக்க யாழ்ப்பாணம் போனேன். அங்கே சந்தித்தவர்கள் தொண்ணூறுகளைச் சைக்கிளைக் கொண்டே நினைவுகூர்ந்தார்கள். 1990 முதல் பொருளாதாரத் தடை, பெற்றோல் கிடையாது, மின்சாரம் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். நோயாளியும் விறகும் அரிசி மூடையும் கரியரிலேயே பயணித்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்த இரவில், சைக்கிள்களில் ஏறி மிதிக்க வீதியில் இடமிருக்கவில்லை. வீட்டையே மூட்டையாக்கிச் சைக்கிளில் ஏற்றி, மழையில் அடிமேல் அடிவைத்துத் தள்ளிச் சென்றார்கள். அந்த இரவை மெதுவான இரவு என்று யாராவது புகழ்ந்து எழுத முடியுமா?

இவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாயிற்று. அந்த மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதே நிறுத்தப்பட்டது. பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது, ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர், முச்சக்கரவண்டிக்கு ஐந்து. 2023 செப்டெம்பரில்தான் அந்த முறை நீங்கியது. சைக்கிளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. நகரத்து நண்பர்கள் சிலர், நாடு மெல்ல மூச்சுவிடுகிறது என்று மகிழ்ந்தார்கள். முச்சக்கரவண்டி ஓட்டி வாழ்ந்த என் அயலவரோ மூச்சு முட்டிக்கொண்டு வரிசையில் கிடந்தார். நானா சொன்னார்: "அந்த வருஷம் எனக்கு நல்ல யாவாரம் தம்பி. ஆனா வந்த ஒரு முகத்திலயும் சிரிப்பில்ல."

ஆகவே, மெதுவாக வாழ்வது நல்லது என்று போதிக்க எனக்கு மனம் வரவில்லை. வேகமாகப் போக முடிந்தும் ஒருவன் மெதுவாகப் போனால் அது சுகம். வேகமாகப் போக வழியில்லாமல் மெதுவாகப் போனால் அது பாரம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. அதே சைக்கிள், அதே ஏற்றம். எனக்கு இந்த மூன்று மாதச் சுகம் கிடைத்தது, அப்பா அந்த ஏற்றங்களில் முழங்காலைத் தேய்த்து என்னைப் படிக்கவைத்ததனால்தான்.

வண்டி தயாரானதை யார் மூலமோ அறிந்த ஹோட்டல்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். சுற்றுலாப் பயணிகள் விரும்புவார்கள், வரவேற்பறைச் சுவரில் மாட்டப்போகிறேன் என்றார். அவர் சொன்ன விலை என் இரண்டு மாத ஓய்வூதியத்திலும் அதிகம். கெட்ட மனிதரல்லர், பழைய பொருட்களை மதிக்கத் தெரிந்தவர். அருமையான கராம்புத் தேநீர் கொடுத்து, முடியாது என்று அனுப்பிவைத்தேன். அப்பாவின் உழைப்பைச் சுவரில் அலங்காரமாக மாட்டிவிட்டால், அது என்ன பாடுபட்டது என்பதை அங்கே யார் சொல்வார்கள்?

இப்போது காலை ஒன்பது மணிபோல நகருக்குச் சென்று மூன்று பத்திரிகைகள் வாங்குகிறேன். ஒன்று எனக்கு. மற்றைய இரண்டும் வெளியே நடமாட முடியாத இரு முதியவர்களுக்கு. அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்பார்வை மங்கிவிட்டது. அவருடைய வீடு மேட்டில் இருப்பதால் கடைசி முந்நூறு யார் தூரத்தை நான் தள்ளிக்கொண்டே நடக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் தலைப்புச் செய்திகளை உரக்க வாசிப்பேன். அவற்றில் பாதியை அவருடைய பேரப்பிள்ளைகள் முதல்நாள் இரவே தொலைபேசியில் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அவர் குறுக்கிடாமல் கேட்பார். முடிந்ததும், "சரி, இப்ப இது உண்மையா பொய்யா, அத சொல்லுங்க" என்பார்.

அதைச் சொல்வதற்கு எனக்குச் சற்று நேரம் வேண்டும். நல்லவேளை, அது இப்போது என்னிடம் இருக்கிறது.