பதினாறு மணி நேர வெளிச்சம்

ஓய்வு பெற்ற மறுமாதம் கொளத்தூருக்குப் போய் ஒரு மீன் தொட்டி வாங்கி வந்தேன். இரண்டடி நீளம். ஒரு டஜன் நியான் டெட்ரா, ஒரு கட்டு வாலிஸ்னேரியா, கடையிலேயே பளிச்சென்று எரிந்த எல்.இ.டி. விளக்கு. தொட்டியைக் கிழக்கு ஜன்னலோரம் வைத்தேன். வெயில் பட்டால் நியானின் நீலக் கோடு மின்னுமே! காலைக் காபியோடு விளக்கைப் போட்டால், ராத்திரி டி.வி.யை நிறுத்தும்போதுதான் அணைப்பேன். கணக்குப் பார்த்தால் பதினாறு மணி நேரம்.

மூன்றாவது வாரம் தொட்டி கோயில் குளமாகிவிட்டது. தண்ணீரை மாற்றினேன், நாலே நாளில் மறுபடி பச்சை. சண்டை போடும் உத்தேசத்தோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவேயில்லை. "லைட்டு எவ்ளோ நேரம் சார் எரியுது?" என்றார். சொன்னேன். "ஜன்னல் வேற பக்கத்துலயா?" என்று சிரித்தார்.

மீனின் கழிவு தண்ணீரில் உரமாகச் சேர்கிறது. நட்ட செடி ஓரளவு வெளிச்சத்தைத்தான் பயன்படுத்திக்கொள்ளும். மிச்ச வெளிச்சமும் மிச்ச உரமும் பாசிக்கு விருந்து. அவர் சொன்னபடி தொட்டியைச் சுவரோரம் மாற்றி, பழைய போர்வையால் மூன்று நாள் முழுக்க மூடிவைத்தேன். ஏர் பம்ப் மட்டும் ஓடியது. தீனி கிடையாது. திறந்தபோது பச்சை வெளுத்திருந்தது. பாதித் தண்ணீரை மாற்றினேன், தெளிந்தது.

அப்புறம்தான் மீனைப் பற்றி யோசித்தேன். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைகளின் மீன். மேலே மரங்கள் கவிந்திருக்கும். உதிர்ந்த இலை ஊறித் தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடக்கும். அதைத்தான் நான் கல்யாண மண்டப வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தேன். செடிக்குப் பின்னால் ஒண்டியதைக் கூச்சம் என்று நினைத்தேன். மீனுக்கு இமை கிடையாது. இமைக்காமல் காப்பவள் மீனாட்சி என்று உபன்யாசத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! காவலுக்குச் சரி, தூக்கத்துக்கு அந்த மீன் என்ன செய்யும்?

என் மகன் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் ராத்திரி பன்னிரண்டு வரை அவன் அறையில் விளக்கு எரிய வேண்டும் என்பது என் சட்டம். வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். அவன் புத்தகத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது இப்போது ஞாபகம் வருகிறது.

இப்போது ஒரு டைமர் வாங்கி மாட்டியிருக்கிறேன். மத்தியானம் மூன்று முதல் ராத்திரி பத்து வரை, ஏழு மணி நேரம். பார்க்க நான் உட்காரும் நேரமும் அதுதான். தொட்டி விளக்கு அணைந்த பிறகும் கூடத்து விளக்கைக் கொஞ்ச நேரம் விட்டுவைப்பேன். திடீர் இருட்டில் மிரண்டு மீன்கள் கண்ணாடியில் மோதும். இருட்டில் நியானின் நிறம் மங்கிவிடும். முதல் தடவை பார்த்து நோய் என்று பதறினேன். காலையில் தானாகத் திரும்புகிறது.

விருந்தாளி யாராவது காலையில் வந்தால் மட்டும் என் கை சுவிட்சுக்குப் போகும். வீட்டுக்காரி ஒரு பார்வை பார்ப்பாள்.