உறங்கும் அணிலும் பறக்கும் குருவியும்

மார்கழிக் குளிரில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னும் ஐந்தே நிமிஷம்!" என்று கெஞ்சாதவர்கள் நம்மில் யார்? அலாஸ்காவில் ஓர் அணிலும் அப்படித்தான் படுக்கிறது. ஆனால் எழுந்திருக்க அதற்கு ஏழெட்டு மாதம் ஆகிறது!

வாருங்கள், அங்குள்ள டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பூங்கா என்றதும் ஊஞ்சலைத் தேடாதீர்கள். 1917-ல் ஏற்பட்ட இந்தப் பூங்காவுக்குள் பனிமலைகளும் ஆறுகளும் அடக்கம். உள்ளே ஒரே ஒரு சாலைதான். அதில் 24 கிலோமீட்டர் போனால் ஸாவேஜ் ஆறு. ஜூன் மாதத்தில் இங்கே 20 மணி நேரத்துக்கு மேல் பகல்!

கரையில் பின்னங்கால்களை ஊன்றி நின்று நம்மை உற்றுப் பார்க்கிறதே, அதுதான் தரை அணில். நம் ஊர் அணிலுக்குள்ள மூன்று கோடு இதற்கில்லை. மண்ணுக்குள் வளைதான் வீடு. பக்கத்துப் புதரில் "ஃபீ-பி-யோ" என்று கேட்கிறதா? அது ஆல்டர் ஈ பிடிப்பான். எடை சுமார் 13 கிராம்தான். பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே கவ்விவிடும். அந்தப் பாட்டை அதற்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிறவியிலேயே வந்த வித்தை.

ஆகஸ்டில் குளிர் எட்டிப் பார்க்கிறது. பூச்சி இல்லாவிட்டால் குருவி வீட்டில் அடுப்பு எரியுமா? தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிடுகிறது. அணிலோ இலையும் விதையும் தின்று கொழுத்திருக்கிறது. அந்தக் கொழுப்புதான் அதன் நெற்குதிர். பெண் அணில்கள்தாம் முதலில் வளைக்குள் போகின்றன.

அந்த உறக்கத்தில் அணிலின் உடல் உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 2.9 டிகிரி வரை இறங்குவதாக பிரையன் பார்ன்ஸ் என்ற விஞ்ஞானி 1989-ல் எழுதினார். ஆனாலும் இரத்தம் உறைவதில்லை! இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடுநடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மறுபடி குளிர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் குதிரில் கொஞ்சம் குறைகிறது. வசந்தத்துக்கு முன் அது காலியானால், அந்த அணில் கண் விழிப்பதே இல்லை.

இரண்டில் எது கெட்டிக்காரி என்கிறீர்களா? எட்டு மாதக் கொழுப்பைக் குருவி எங்கே சுமக்கும்? அணிலுக்குச் சிறகு ஏது? மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவும் துணிச்சல் வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கவும் துணிச்சல் வேண்டும்.

மே மாதக் கடைசியில் வெயிலில் அணில் நின்றுகொண்டிருக்கும். புதரில் மறுபடி கேட்கும்: "ஃபீ-பி-யோ!"