நெஞ்சின் படமும் நிலைத்த உடலும்

தமிழ்த்துறை மலர் என்றதும் சங்கப் பாடலையோ சீறாப்புராணத்தையோ எதிர்பார்க்கும் மாணவச் செல்வங்கள் பொறுத்தருள வேண்டும். இம்முறை நாம் எழுதப் புகுவது மருத்துவமனை ஒன்றில் கற்ற பாடம். எக்கோ, டிரெட்மில், ஆஞ்சியோகிராம் என்னும் சொற்கள் இன்று பள்ளிவாசல் திண்ணைப் பேச்சிலும் இயல்பாக வழங்குகின்றன. அவற்றோடு ஒப்பிடுகையில் பலரும் அறியாதது, அணு மருத்துவப் பிரிவில் எடுக்கப்படும் இதய ஸ்கேன்.

2022ஆம் ஆண்டில் நம் அத்தாவுக்கு வயது 74. மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றலாயிற்று. முழங்கால் வலியால் டிரெட்மில்லில் நடக்க இயலாதவர் ஆதலின், குருதிக் குழாய்களை விரியச் செய்யும் மருந்தை ஏற்றி ஸ்கேன் எடுக்கலாம் என்று மருத்துவர் கூறினார். அம்மருந்தின் செயலைக் காஃபின் தடுக்கும் என்பதால் முதல் நாளே தேநீர் நிறுத்தப்பட்டது. அத்தாவுக்கு நெஞ்சு வலியைவிட அதுவே பெருந்துயராக இருந்தது.

ஸ்கேன் நிகழும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் இணைந்த மருந்தைக் கை நரம்பில் ஊசி வழியே செலுத்துகின்றனர். அது குருதியோடு சென்று இதயத் தசையில் தங்குகிறது. குருதி நன்கு பாயும் இடத்தில் மிகுதியாகவும், தடைப்படும் இடத்தில் குறைவாகவும் தங்கும். அங்கிருந்து புறப்படும் காமாக் கதிர்களை வெளியே நிற்கும் கேமரா வாங்கிப் படமாக்குகிறது. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் ஹால் ஆங்கர் 1950களின் பிற்பகுதியில் உருவாக்கிய காமா கேமராவின் வழிவந்தது அக்கருவி. இதயம் உழைக்கும் நிலைக்கு ஒரு படமும் ஓய்வு நிலைக்கு ஒரு படமும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவர். உழைப்புப் படத்தில் குறையும் ஓய்வுப் படத்தில் நிறைவும் தோன்றினால் குருதிக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று கருதுவர்.

நிழற்படம் நொடியில் முடிந்துவிடும். இந்த ஸ்கேனோ அவ்வாறன்று. கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுத்திருப்பவரைச் சுற்றிக் கேமரா அரைவட்டமாக நகர்கிறது. வலப்பக்க முன்புறத்தில் தொடங்கி இடப்பக்கப் பின்புறம் வரை 60 அல்லது 64 இடங்களில் நின்று நின்று படம் எடுக்கிறது. வழக்கமான கருவிகளில் இதற்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம் ஆகும். பின்னர் கணினி அத்தனை படங்களையும் கோத்து இதயத்தின் குறுக்குத் துண்டுகளாக ஆக்கித் தருகிறது. முதற்படம் முதல் இறுதிப்படம் வரை இதயம் ஒரே இடத்தில் இருந்தது என்று கணினி நம்புகிறது. அந்நம்பிக்கையின் மேல்தான் முழுப் படமும் கட்டப்படுகிறது.

நடுவில் உடல் அசைந்துவிட்டால் என்ன ஆகும்? பாதிப் படங்களில் இதயம் ஓரிடத்திலும் மீதிப் படங்களில் வேறிடத்திலும் நிற்கும். கணினி அதனை அறியாது இரண்டையும் இணைக்க, முழுமையான சுவரில் இல்லாத பள்ளம் ஒன்று தோன்றும். பெரும்பாலும் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் தோன்றும். படத்தின் ஒரு புள்ளிக் கட்டம் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் அளவினது. ஒரு கட்ட அளவு அசைவு பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. இரண்டு கட்டம், அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அசைவே போலி நோயொன்றைப் படைக்கப் போதுமானது. இதயச் சுவரின் தடிப்பே ஏறத்தாழ அவ்வளவுதானே!

அவ்வாறாயின் மூச்சு விடலாகாதோ என அத்தா கேட்டார். நியாயமான ஐயம். இயல்பான மூச்சும் இதயத் துடிப்பும் எல்லாப் படங்களிலும் ஒரே சீராக நிகழ்வதால் படத்தைச் சிறிது மங்கலாக்குமேயன்றி உடைப்பதில்லை. பெருமூச்சும் இருமலும் உறக்கத்தில் புரள்வதும் தோளைத் திருப்புவதுமே பகை. உடலே அசையாமல் இதயம் மட்டும் நகர்வதும் உண்டு. உடற்பயிற்சி முடிந்தவுடன் வாங்கும் ஆழ்ந்த மூச்சால் உதரவிதானம் தாழ்ந்து, மூச்சு தணியத் தணிய மெல்ல மேலேறும். இதயமும் கூடவே ஏறும். தாலியம் மருந்து கொண்டு எடுத்த ஸ்கேன்களில் இது போலிக் குறைகளைத் தோற்றுவிப்பதை 1989இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். பயிற்சி முடிந்ததும் சில நிமிடங்கள் பொறுத்துப் படமெடுக்கும் வழக்கத்திற்கு இஃதொரு காரணம்.

அத்தாவின் உழைப்புப் படம் வந்தது. முன்சுவரிலும் அதற்கெதிரான கீழ்ச்சுவரிலும் கறுத்த இடைவெளிகள். இளமருத்துவர் ஒருவர் ஆஞ்சியோகிராம் என்ற சொல்லை மெல்ல உச்சரித்தார். அம்மாவின் முகம் வாடியது. அப்போது தொழில்நுட்பப் பணியாளரான இளைஞர், "கொஞ்சம் பொறுங்க சார், ஓடவிட்டுப் பார்க்கிறேன்" என்று கூறி, தனித்தனியாக எடுத்த படங்களை வரிசையாகத் திரைப்படம்போல் ஓடவிட்டார். இதயம் வழுக்கிச் செல்வதுபோல் சீராக நகர்ந்தது. மூன்றில் ஒரு பங்கு கடந்ததும் சட்டெனத் துள்ளியது.

காரணத்தை அத்தாவே சொன்னார். எவரோ அறைவாயிலில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாராம். பதில் ஸலாம் கூறாதிருப்பது எங்ஙனம்? தலையையும் தோளையும் திருப்பிக் கடமையை நிறைவேற்றியிருக்கிறார். அன்றியும், தூக்கிய தோள் நெடுநேரமாய் வலித்ததாம். பிறருக்குத் தொல்லை தரலாகாது என்று வாய்திறவாது இருந்திருக்கிறார்.

சுவடிப் பதிப்பு கற்பிக்கும் நமக்கு அவ்விளைஞர் செய்தது புதிதாகத் தோன்றவில்லை. ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். பொருந்தாச் சொல் ஒன்று கண்டவுடன் புலவர் பிழைத்தார் என்று முடிவு கட்டாமல், எழுதியவர் கை பிழைத்ததா என்று வேறு சுவடியைத் தேடுவதே பதிப்பாசிரியர் கடன். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டில் பெரும்பகுதி இத்தகைய ஒப்புநோக்கே. வேறுபாடு என்னவெனில், மருத்துவமனையில் மறு சுவடி அரைமணி நேரத்தில் கிடைத்துவிடும்! டெக்னீசியம் மருந்து தசையில் தங்கியபின் எளிதில் இடம் மாறுவதில்லை. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆறு மணி நேரம் ஆகும். ஆதலால் மறுபடி ஊசி போடாமலே மீண்டும் படம் எடுக்க இயலும். மேல்கீழாக நேர்ந்த அசைவைச் சரிசெய்யும் கணினி நிரல்களும் உண்டு. எனினும் உடல் திருகிய அசைவை அவற்றால் செவ்வனே திருத்த முடிவதில்லை.

தோளின்கீழ் தலையணை வைத்து அத்தாவை மீண்டும் படுக்க வைத்தார்கள். "தொழுகையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் அத்தா, யார் ஸலாம் சொன்னாலும் திரும்ப வேண்டாம்" என்றோம். அந்த விளக்கம் அவருக்கு உடனே பிடிபட்டது. உதடுகளில் மட்டும் திக்ரு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதனால் படத்திற்கு ஊறில்லை என்றார் இளைஞர்.

மறுபடத்தில் முன்சுவர் முழுமையாக நிரம்பியிருந்தது. கீழ்ச்சுவரில் மட்டும் சிறு குறை எஞ்சி நின்றது. ஓய்வுப் படத்தில் அதுவும் நிரம்பியதால், ஓரளவு குருதிக் குறைவு உண்மையே என்றார் மூத்த மருத்துவர். ஆஞ்சியோகிராமை ஒத்திவைத்து மாத்திரைகள் எழுதித் தந்தார். முதற்படத்தை அப்படியே நம்பியிருந்தால் இரண்டு குறைகளுக்கு மருத்துவம் தேடியிருப்போம். அனைத்தும் அசைவின் மயக்கமே என்று தள்ளியிருந்தால் உண்மையான ஒன்றும் தப்பியிருக்கும்.

இச்சோதனைக்குச் செல்லும் பெரியவர்கள் தோள்வலி, முதுகுவலி, இருமல் முதலியவற்றைப் படுக்கும் முன்னரே கூறிவிடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். உடன் செல்லும் பிள்ளைகள் வாயிலில் நின்று அழைத்துப் பேச வேண்டா. படம் எடுக்கும்போது இருமல் வந்துவிட்டாலோ உடல் அசைந்துவிட்டாலோ மறையாது உரையுங்கள். இன்னும் இருபது நிமிடம் படுத்திருக்க நேரும், அவ்வளவே.