ஜிம்மிக்கு ஏது ஹெல்மெட்?

நேற்று வரை என் நாய் ஜிம்மி ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டுதான் வருவான். காது பறக்க அவன் வருவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். எனக்கும் பெருமைதான்.

நேற்று திடீரென்று குறுக்கே ஒரு தெருநாய். ஜிம்மி எகிறினான். கழுத்துப்பட்டைச் சங்கிலி என் கையில். வண்டி தடுமாற, எப்படியோ காலை ஊன்றிவிட்டேன். கழுத்து இறுகி அவன் இருமிய சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். நான் பிரேக் பிடிக்கப்போவது எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஹெல்மெட் இருக்கிறது, அவனுக்கு?

இனி ஊசி போடப் போவதென்றாலும் ஆட்டோதான். கழுத்தில் சங்கிலி இல்லை, மார்போடு அணைக்கிற பட்டை.

சாவிச் சத்தம் கேட்டால் இன்றும் வாலாட்டிக்கொண்டு ஓடி வருகிறான். அந்த நம்பிக்கையைத்தான் காப்பாற்ற வேண்டும்.