முந்திரி உடைக்கும் கைகள்

பண்ணுருட்டிக்குப் போகிறவர்கள் பலாப்பழத்தை உத்தேசித்தே போகிறார்கள். நானும் அவ்விதமே புறப்பட்டேன். ஆனால் கடலூர் ஜில்லாவின் அந்தச் செம்மண் பூமியில் பலாவுக்கு இணையாக முந்திரியும் அரசு செலுத்துகிறது. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தும், முந்திரித் தொழில் அவ்வூரை விட்டுப் போய்விடவில்லை.

காடாம்புலியூர்ப் பக்கத்தில் ஒரு கொட்டகை. பத்துப் பன்னிரண்டு ஸ்திரீகள் வரிசையாக அமர்ந்து, வறுத்த கொட்டைகளை மரக்கட்டையால் தட்டிப் பருப்பெடுத்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சட்டி நிறையச் சாம்பல். அடிக்கொரு தரம் விரல்களை அதில் புரட்டிக் கொள்கிறார்கள். அந்த விரல் நுனிகளோ மையில் தோய்த்தாற்போல் கறுத்து, அங்கங்கே தோல் உரிந்து சிவந்திருந்தன.

முந்திரி ஓட்டுக்குள் ஒரு காரமான எண்ணெய் இருக்கிறது. அது பட்ட இடம் வெந்து போகும். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் காணும். சலவைத் துணிக்குக் குறி போட உதவிய சேராங்கொட்டையும், நாம் ஆசையோடு கடிக்கும் மாங்காயும் இதற்குப் பந்துக்களே. மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணானவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் குணத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை!

சிகிச்சை கடினமானதன்று. எண்ணெய் பட்டவுடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு நகக்கண் உட்பட நன்றாகக் கழுவ வேண்டும். கழுவாத கையால் கண்ணையும் முகத்தையும் தொடலாகாது. அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் காலமைன் லோஷனும் இதமளிக்கும். கொப்புளம் பரவினால் டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பார். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். ஆனால் எந்தக் களிம்பும், மறுநாள் அதே கொட்டையைத் தொடாதவர்களுக்கல்லவா பூரண குணம் தரும்?

“கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா, அம்மா?” என்று ஒரு மூதாட்டியைக் கேட்டேன்.

“போட்டா கை ஓடாதுங்க, ஐயா. கிலோ கணக்குக்குத்தானே கூலி?” என்றாள் அவள். ரேஷன் கடையில் ரேகை பார்க்கும் யந்திரம் மூன்று தரம் அவள் விரலை ஏற்கவில்லையாம். “நான் நானில்லைன்னு சொல்லுது!” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரைக் கிலோ முழுப் பருப்பு விலைக்குக் கேட்டேன். பொட்டலம் கட்டுமுன், கறை பட்டுவிடக் கூடாதென்று, அவள் தன் விரல்களை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துக் கொண்டாள்.