கோதையின் சம்மதம்

ஜனவரி 9

ஹூஸ்டன் நகரத்துக் குளிர் இன்று கொஞ்சம் கடுமை. மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பிய என் மகன், பழைய பறவைக் கூண்டு ஒன்றைத் துணியால் போர்த்திக் கொண்டுவந்து என் அறையில் வைத்துவிட்டு, “அப்பா, இந்த வீட்டில் ராத்திரி விழித்திருப்பது நீங்கள் ஒருவர்தான்; இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேணும்” என்றான். துணியை மெல்ல விலக்கினேன். அணிற்பிள்ளை அளவில் சாம்பல் நிறப் பிராணி ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கரிய கண்களுக்கு நடுவே, நெற்றியிலிருந்து முதுகுவரை கருங்கோடு ஒன்று நாமம் இட்டாற்போல ஓடியது. என் நிழல் பட்டதுதான் தாமதம், நூறு சில்வண்டுகள் ஒரே சமயத்தில் கத்தினாற்போல, அந்தச் சிற்றுடம்பிலிருந்து ஓர் ஓசை கிளம்பிற்று. அவ்வளவு பயத்தை அவ்வளவு சிறிய உடம்பில் நான் கண்டதில்லை.

சுகர் கிளைடர் என்று இதற்குப் பெயராம். யாரோ ஒரு குடும்பத்தார் சந்தையில் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாக வாங்கி, பகலில் தூங்குகிற ஜீவனைப் பகலெல்லாம் எழுப்பி, வாலைப் பிடித்துத் தூக்கி, கடித்தால் கையுறை மாட்டிக்கொண்டு அமுக்கிப் பிடித்து, பிஸ்கோத்தும் திராட்சையும் போட்டு, அலுத்த பிறகு துணி அலமாரிக்குள் கூண்டோடு வைத்துவிட்டார்களாம். வால் மயிரைத் தானே கடித்துக் கடித்துத் தோல் தெரிகிறது. பின்னங்கால்கள் இழுபடுகின்றன.

விடியற்காலை நாலு மணிக்கு, மார்கழி வழக்கப்படி, தாழ்ந்த குரலில் திருப்பாவை முப்பதும் சொன்னேன். முடிக்கும்வரை அது கத்தவில்லை. கோதை என்றே பெயரிட்டுவிட்டேன்.

ஜனவரி 11

அபூர்வப் பிராணிகளுக்கு வைத்தியம் செய்யும் அம்மையார் ஒருவரிடம் போய்வந்தோம். எடை எழுபத்தெட்டு கிராம். வளர்ந்த பெண்ணுக்கு நூறாவது இருக்க வேண்டுமாம். உணவில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரசைப்போல் இரண்டு பங்கு இருப்பது நலம். வெறும் பழத்தையும் மாவுப் பண்டத்தையும் தின்னும் பிராணியின் உடம்பு, குறைகிற சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே கடன் வாங்கி, நாளடைவில் கால்களை முடக்கிவிடுகிறது என்று விளக்கினார். கால் தேறும்வரை, விழுந்து எலும்பு முறியாதபடி, உயரமில்லாத கூண்டில் வைக்கச் சொல்லி, நாக்கில் விடும் மருந்தும் கொடுத்தார். “பயத்துக்கு?” என்று கேட்டேன். “அதற்குச் சொட்டு மருந்து இல்லை. நீங்கள் அதனிடம் போகாதீர்கள், அது வரட்டும்” என்றார்.

ஜனவரி 18

ஒரு வாரமாகக் கோதையின் குலத்தைப் பற்றிப் படிக்கிறேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறக்கும் அணிலின் சாயல் இருந்தாலும் அதற்கும் இவளுக்கும் உறவில்லை. இவள் கங்காருவைப்போல் வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் வம்சம். பதினாறு நாளே கருவிலிருந்து, அரிசியளவில் பிறக்கும் குட்டி, பைக்குள் ஏறி ஏறக்குறைய எழுபது நாள் வாசம் செய்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும், யூகலிப்டஸ், கருவேல இன மரங்களின் பாலையும் பிசினையும் பூந்தேனையும் பூச்சிகளையும் உண்டு, முன்கைச் சுண்டுவிரலிலிருந்து பின்கால் வரை விரியும் தோற்சவ்வைப் பாய்போல் விரித்து, மரத்துக்கு மரம் ஐம்பது மீட்டர்கூட மிதந்து செல்லுமாம். ஒரே இனமென்று நெடுங்காலம் எண்ணியிருந்ததை 2020-இல் அறிஞர்கள் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்க வீடுகளில் வளர்பவற்றின் மரபணுவோ, நியூகினியின் மேற்குக் கோடியைப் பூர்வீகமாகக் காட்டுகிறதாம். கலிஃபோர்னியாவில் இவற்றை வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. இங்கே டெக்ஸஸில் தடையில்லை.

இத்தனையிலும் என்னை உலுக்கிய செய்தி, இவை மரப்பொந்தில் கூட்டமாய், ஒன்றன்மேல் ஒன்று கிடந்து, ஒன்றன் வாசனையை மற்றொன்றின்மேல் பூசிக்கொண்டு வாழ்பவை என்பதுதான். தனிமையில் விடப்பட்டால் தம் உடம்பையே கடித்துக்கொள்ளும். அலமாரி இருளில் இவள் தன் வாலைக் கடித்ததன் பொருள் இப்போது விளங்குகிறது.

ஜனவரி 27

வாசனைதான் இவர்கள் பாஷை என்பதால், என் பழைய வேஷ்டியில் ஒரு துண்டைக் கூண்டில் இடலாமென்று எண்ணினேன். நெய்த துணியின் நூலில் நகம் சிக்கிக்கொள்ளும் என்று வைத்தியர் தடுத்துவிட்டார். நூல் பிரியாத மெத்தென்ற ஃபிளீஸ் துணியை இரண்டு இரவு சட்டைக்குள் மார்போடு வைத்திருந்து, அவள் உறங்கும் பைக்குள் இட்டேன். முதல் நாள் வெளியே தள்ளினாள். மூன்றாம் நாள் அதற்குள் சுருண்டு கிடந்தாள். நான் அருகில் வரும்போது கத்துவது மட்டும் மாறவில்லை.

பிப்ரவரி 9

இன்று நான் செய்த பிழையை மறைக்காமல் எழுதுகிறேன். பத்து நாளாக விரல் நுனியில் தயிரைத் தடவிக் கம்பிக்கருகே நீட்டி, அசையாமல் அமர்ந்திருந்தேன். நேற்றிரவு இரண்டு மணிக்கு அவள் வந்தாள். உப்புத்தாளைப்போலச் சொரசொரத்த சிறு நாக்கு விரலில் பட்டது. அந்த ஸ்பரிசத்தில் மனம் நெகிழ்ந்து, இன்று அவள் நக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு விரலால் அவள் நெற்றியைத் தடவப் போனேன். அலறிக் கடித்துவிட்டு உள்ளே ஓடியவள் விடியும்வரை வெளியே வரவில்லை.

விரலில் கண்ட இரத்தம் பெரிதல்ல. தயிரைக் கொடுத்த மறுகணமே அதற்குக் கூலி கேட்டேனே, அதுதான் உறுத்துகிறது. முன்பு அவளைப் பிடித்தவர்களும் அன்பாகவே தடவ நினைத்திருக்கலாம். அவள் மறுத்ததை அவர்கள் கேட்கவில்லை. இன்று நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 26

அன்று முதல் ஒரே ஒரு நியமத்தை அநுசரித்து வருகிறேன். அவள் கத்தினால், என் கை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அந்த க்ஷணமே பின்வாங்கிவிடும். கத்தினால் விட்டுவிட்டால் அதுவே பழகிப்போகும் என்று மகன் அஞ்சினான். நடந்ததோ வேறு. முதல் வாரம் இரவுக்கு இருபது முறை கத்தியவள், இந்த வாரம் நாலைந்து முறைதான் கத்தினாள். எத்தனை கத்தியும் ஒரு கையும் விலகாத வாழ்விலிருந்து வந்தவளுக்கு, தன் குரலுக்கு உலகத்தில் ஒரு பயன் உண்டென்று தெரிந்துவிட்டது போலும். வேண்டாம் என்று சொல்லி அது நிறைவேறக் கண்ட ஜீவனுக்குத்தான் சரி என்று சொல்லவும் வாய் வரும்.

மார்ச் 16

பின்னங்கால்கள் ஊன்றுகின்றன, எடை தொண்ணூற்றாறு. உயரமான கூண்டுக்கு மாற்றிவிட்டோம். இரவில், குழந்தைகள் விளையாடும் துணிக்கூடாரத்தை அறைக்குள் விரித்து, மங்கிய சிவப்பு விளக்கொளியில் அவளோடு உட்காருகிறேன். நான் கல்லாய் இருக்க, அவள் முழங்காலில் ஏறி, தோளைக் கடந்து, மறுபுறம் இறங்கிப் போகிறாள். பகலில், கழுத்தில் தொங்கும் சிறு பைக்குள், என் மார்பின்மேல் உறங்குகிறாள்.

சனிக்கிழமை என் பேத்தியும் வந்து உட்கார்ந்தாள். “தாத்தா, நான் எப்போ தொடலாம்?” என்றாள். “அவள் உன்னைத் தொட்ட பிறகு, அம்மா” என்றேன். பதினொரு வயதுக் குழந்தை ஒன்றரை மணி நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாதிருந்தாள். கோதை வரவில்லை. “நாளைக்கும் வரேன்” என்று சொல்லிப் போனாள். இப்படி ஒரு குழந்தை முன்பே கிடைத்திருந்தால் கோதையின் கதை வேறாகியிருக்கும்.

ஏப்ரல் 12

மனித சகவாசம் சுயஜாதித் துணைக்கு ஈடாகாது என்று வைத்தியர் முதலிலேயே சொல்லியிருந்தார். அவர் மூலமே, இனவிருத்தித் தடை அறுவை செய்யப்பட்ட ஆண் கிளைடர் ஒன்று சென்ற மாதம் வந்தது. கூண்டுகளைச் சற்றுத் தள்ளி அடுத்தடுத்து வைத்து, இருவர் துணிகளையும் மாற்றி மாற்றி இட்டு, பொது இடத்தில் சந்திக்கவிட்டு, நேற்று ஒரே கூண்டில் சேர்த்தோம். காலையில் பைக்குள் எட்டிப் பார்த்தேன். எது தலை, எது வால் என்று தெரியாத ஒரே சாம்பல் உருண்டை. கோதையின் வாலில் புதுமயிர் அடர்ந்திருக்கிறது; எடை நூற்று நான்கு.

இரவு இரண்டு மணிக்கு வழக்கம்போல் தயிரோடு கதவைத் திறந்து, விரலை நீட்டி உட்கார்ந்தேன். கோதை பைவாயிலிருந்து தலையை நீட்டி வெகுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு, ஒரு சிறு ஓசையும் எழுப்பாமல், உள்ளே திரும்பித் துணையின்மேல் சாய்ந்துகொண்டாள். மூன்று மாதத்தில் கத்தாமல் அவள் சொன்ன முதல் மறுப்பு இது. தயிர்க் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்தேன்.